புரோஸ்டேட் புற்றுநோயும் தாவர உணவுகளும்: தட்டில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒன்றா?

ஆற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை புரோஸ்டேட் புற்றுநோயால் காலமானவர். தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்திருந்தால் ஓர் ஆணுக்கு அது வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று மருத்துவர் விளக்கியதிலிருந்து என் அண்ணன் மிகவும் கலங்கிப்போயிருக்கிறார். அவர் ஐம்பது வயதை நெருங்குகிறார். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன், செலினியம், வைட்டமின் ஈ, பச்சைத் தேயிலைச் சத்து ஆகிய நான்கையும் மாத்திரைகளாக வாங்கி நாள்தோறும் தவறாமல் உட்கொள்கிறார். "எல்லாமே இயற்கையில் இருப்பவைதானே, என்ன கெடுதல் வந்துவிடும்" என்பது அவருடைய வாதம்.

எனக்கு இரண்டு செய்திகள் தெரிய வேண்டும். தாவர உணவுகள் இந்நோயைத் தடுக்கின்றன என்பதற்கு மனிதர்களிடம் கிடைத்த சான்று எவ்வளவு வலுவானது? அந்த உணவிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக விழுங்கினால் அதே பலன் கிடைக்குமா? கைப்பேசியில் சுற்றிவரும் பட்டியல்களை நான் நிறையவே படித்துவிட்டேன். ஆய்வுகளை நேரடியாகப் படித்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எண்களின்தோழன் எழுதியது:

ஆற்றங்கரை அவர்களுக்கு, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நான்கில் வைட்டமின் ஈ, செலினியம் ஆகிய இரண்டையும் ஏதேனும் குறைபாட்டுக்காக மருத்துவரே எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, உங்கள் அண்ணன் தொடரக் கூடாது. இந்நோயைத் தடுக்க முடியுமா என்று அறிவதற்காகவே நடத்தப்பட்ட மிகப் பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு இது.

செலெக்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வு 2001-இல் அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் தொடங்கியது. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம், இன்னொரு குழுவுக்கு 400 அலகு வைட்டமின் ஈ, மூன்றாவது குழுவுக்கு இரண்டும், நான்காவது குழுவுக்கு வெற்று மாத்திரை. நன்மை எதுவும் தென்படாததால் 2008-இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. பங்கேற்றவர்களை அதன் பிறகும் கவனித்துவந்து 2011-இல் வெளியிட்ட கணக்குதான் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. ஏழு ஆண்டுக் காலத்தில், வெற்று மாத்திரை எடுத்த ஆயிரம் பேரில் 65 பேருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தது. வைட்டமின் ஈ மட்டும் எடுத்த ஆயிரம் பேரில் 76 பேருக்கு வந்திருந்தது. அதாவது 17 விழுக்காடு கூடுதல். 2014-இல் இன்னொரு பகுப்பாய்வு வந்தது. உடலில் ஏற்கெனவே போதிய செலினியம் இருந்தவர்களுக்கு மேலும் செலினியம் கொடுத்தபோது, தீவிர வகைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு 91 விழுக்காடு கூடியிருந்தது.

இந்த இரண்டையும் பற்றிய நம்பிக்கை வெறும் வதந்தியிலிருந்து முளைத்தது என்று எண்ணிவிட வேண்டாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், நுரையீரல் புற்றுநோயைத் தடுப்பதற்காக வைட்டமின் ஈ கொடுக்கப்பட்டது. எதிர்பாராத வகையில் புரோஸ்டேட் புற்றுநோய் 32 விழுக்காடு குறைந்திருந்தது. 1996-இல் வெளியான வேறோர் ஆய்வில், தோல் புற்றுநோய்க்காகச் செலினியம் எடுத்தவர்களிடமும் புரோஸ்டேட் புற்றுநோய் வெகுவாகக் குறைந்து காணப்பட்டது. இரண்டிலுமே புரோஸ்டேட் முதன்மைக் கேள்வியாக இருக்கவில்லை. அதையே முதன்மைக் கேள்வியாக வைத்துக் கேட்டபோது விடை தலைகீழாக வந்தது. பின்லாந்து ஆய்வில் பீட்டா கரோட்டீன் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். காய்கறியில் இருக்கிறது என்பதாலேயே ஒரு பொருள் மாத்திரை வடிவில் தீங்கற்றதாகிவிடாது.

தெற்குக்காற்று எழுதியது:

எண்களின்தோழன் சொன்னவை உண்மை. ஆனால், மாத்திரை தோற்றதைக் காட்டித் தாவர உணவே தோற்றுவிட்டது என்ற எண்ணத்தை வாசிப்பவர்களிடம் விதைத்துவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நான் பல ஆண்டுகளாக முழுத் தாவர உணவை மட்டுமே உண்பவன். ஆகவே என் சார்பை மறைக்கவில்லை.

சான்றுகள் இல்லாமலா இருக்கின்றன? ஜப்பானிலிருந்து ஹவாய்க்குக் குடிபெயர்ந்தவர்களிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் புரோஸ்டேட் புற்றுநோய் கூடியது. மரபணு மாறவில்லை, வாழ்க்கைமுறை மாறியது. வட அமெரிக்காவில் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த 26,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், விலங்கு உணவை முற்றிலும் தவிர்த்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு 35 விழுக்காடு குறைவாக இருந்தது. 2005-இல் அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷின் குழு, தொடக்க நிலை நோயாளிகள் 93 பேரிடம் குலுக்கல் முறையில் நடத்திய ஆய்வில், கொழுப்புக் குறைந்த முழுத் தாவர உணவுக்கு மாறியவர்களின் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரப்பியில் உருவாகும் ஒரு புரதம்) அளவு ஓராண்டில் 4 விழுக்காடு குறைந்தது. மாறாதவர்களுக்கு 6 விழுக்காடு கூடியது. மாறியவர்களில் ஒருவருக்கும் அந்த ஓராண்டில் வழக்கமான சிகிச்சை தேவைப்படவில்லை. மறுபக்கத்தில் ஆறு பேருக்குத் தேவைப்பட்டது. இவற்றையெல்லாம் எப்படித் தள்ளிவிட முடியும்?

எண்களின்தோழன் எழுதியது:

தள்ளிவிடவில்லை, எடை போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். இந்த நோயில் எடை போடுவது மற்றப் புற்றுநோய்களைவிடக் கடினம். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் மீதி எல்லா வாதங்களும் இதன்மேல்தான் நிற்கின்றன.

புரோஸ்டேட் புற்றுநோயில் பெரும்பகுதி மிக மெதுவாக வளர்வது. வேறு காரணங்களால் இறந்த முதியவர்களின் உடற்கூறு ஆய்வில், அவர்களுக்கே தெரியாமல் இருந்த சிறு கட்டிகள் ஏராளமாகக் காணப்படுகின்றன. மருத்துவமனைப் பதிவேடுகளில் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே தெரியும் வேறுபாட்டோடு ஒப்பிட்டால், இத்தகைய மறைந்த கட்டிகளில் அந்நாடுகளிடையே தெரியும் வேறுபாடு மிகவும் சிறியது. ஆகவே, ஒரு நாட்டில் நோய் எத்தனை பேரிடம் பதிவாகிறது என்பது எத்தனை பேரிடம் தேடப்படுகிறது என்பதையும் பொறுத்தது. பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை பரவலானதும் எண்ணிக்கை ஏறியது அதனால்தான். இதை வைத்து ஹவாய்ச் சான்றை முழுவதும் விளக்கிவிட முடியாது; அந்த ஏற்றம் அப்பரிசோதனைக்கு முன்பே தொடங்கியது. ஆனால் குடிபெயர்ந்தவர்களுக்கு உணவோடு உடல் எடை, உடலுழைப்பு, மருத்துவ வசதி எல்லாமே மாறின.

அடுத்தது, காய்கறிகளை விரும்பி உண்பவர் பொதுவாக உடல்நலத்தில் அக்கறையுள்ளவர். பரிசோதனைக்கும் அடிக்கடி செல்பவராக இருக்கலாம். அல்லது உணவின்மேல் நம்பிக்கை வைத்துப் பரிசோதனையையே தவிர்ப்பவராக இருக்கலாம். முதலாமவரிடம் நோய் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்படும். இரண்டாமவரிடம் குறைவாகக் கண்டுபிடிக்கப்படும். உணவு எதுவுமே செய்யாதபோதும் கணக்கில் ஒரு வேறுபாடு வந்துவிடும். எனவேதான், ஓர் ஆய்வைப் படிக்கும்போது மொத்தப் புற்றுநோயை எண்ணினார்களா, பரவிய நோயையும் இறப்பையும் தனியே எண்ணினார்களா என்பதை முதலில் பார்க்கிறேன்.

இந்தச் சிக்கலை ஓரளவு தவிர்த்த ஆய்வு ஒன்று உண்டு. 2007-இல் வெளியான அதில் இருந்த 29,361 ஆண்களும் ஒரு பெரிய பரிசோதனைத் திட்டத்தின் கீழ் ஒரே ஒழுங்கில் பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்கள். பழம், காய்கறிகளின் மொத்த அளவுக்கும் புரோஸ்டேட் புற்றுநோய்க்கும் அங்கே தொடர்பு இல்லை. ஆனால் புரோக்கோலி, காலிஃபிளவர் போன்ற முட்டைக்கோஸ் குடும்பக் காய்களை அதிகம் உண்டவர்களிடம், சுரப்பியின் எல்லையைத் தாண்டிப் பரவிய நோய் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவாக இருந்தது. மொத்தக் கணக்கில் ஒன்றுமில்லை, ஆபத்தான வகையில் மட்டும் வேறுபாடு: என்னைச் சிந்திக்க வைத்த முடிவு இது. மக்களின் வழக்கத்தைக் கவனிக்க மட்டும் செய்த நோக்காய்வு என்பதால் காரணம் இதுதான் என்று அறுதியிட முடியாது என்றாலும், மேலே சொன்ன பரிசோதனைக் கோளாறைக் கொண்டு இதை எளிதில் விளக்கிவிட முடியாது.

ஆர்னிஷ் ஆய்வைப் பொறுத்தவரை, அவர்கள் உணவை மட்டும் மாற்றவில்லை. உடற்பயிற்சி, மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி, குழுச் சந்திப்புகள் எல்லாம் சேர்ந்தே இருந்தன. எது எவ்வளவு பலன் தந்தது என்று அதிலிருந்து பிரித்தறிய வழியில்லை.

விதைநெல் எழுதியது:

தாவர வேதியியலில் பணிபுரிபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். முட்டைக்கோஸ் குடும்பத்தைப் பற்றிய அந்த முடிவு ஆய்வகத்தில் நாங்கள் காண்பவற்றோடு பொருந்துகிறது.

புரோக்கோலியை நறுக்காமல் வைத்திருக்கும் வரை அதில் சல்ஃபோராஃபேன் என்ற பொருள் ஏறக்குறைய இல்லை. அதன் மூலப்பொருளான குளுக்கோராஃபனின் ஓர் இடத்திலும், அதை மாற்றக்கூடிய மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் இடத்திலும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. கத்தி படும்போதோ பல் படும்போதோ அந்த அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போதுதான் சல்ஃபோராஃபேன் உருவாகிறது. முள்ளங்கியையும் கடுகையும் கடிக்கும்போது சற்றுத் தாமதித்து நாவில் ஏறும் காரம் இதே வகை வினையால் வருவது. நறுக்கிய உடனே கொதிநீரில் போட்டால் நொதி செயலிழந்துவிடும். மூலப்பொருளும் நீரில் கரைந்து வெளியேறும். நறுக்கிச் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு ஆவியில் இலேசாக வேகவைத்தால் இழப்பு குறைகிறது. நன்றாக வெந்துவிட்ட புரோக்கோலியின்மேல் கடுகுப் பொடியைத் தூவினால், கடுகிலுள்ள நொதி அந்த வேலையைச் செய்துவிடுகிறது என்பதும் சோதித்தறியப்பட்டதுதான். ஒரே காய் இரண்டு சமையலறைகளில் இரண்டு வெவ்வேறு உணவாகிவிடுகிறது. "வாரத்தில் எத்தனை முறை புரோக்கோலி உண்கிறீர்கள்" என்ற கேள்வித்தாள் இதை எங்கே பதிவு செய்கிறது?

உடலுக்குள் சென்றபின் சல்ஃபோராஃபேன் செல்லின் தற்காப்பு மரபணுக்களைத் தூண்டுகிறது. நச்சுப் பொருள்களைச் செயலிழக்கச் செய்யும் நொதிகள் பெருகுகின்றன. இந்த நொதிக் குடும்பத்தில் ஜி.எஸ்.டி.பி.1 என்று ஒன்று உண்டு. புரோஸ்டேட் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் இதன் மரபணு வாயடைக்கப்பட்டுக் கிடக்கிறது. கருகும்வரை வாட்டிய இறைச்சியில் உருவாகும் பி.எச்.ஐ.பி. என்ற பொருள் எலிகளுக்குப் புரோஸ்டேட் புற்றுநோயை உண்டாக்குவது. அதைச் செயலிழக்கச் செய்வதும் இந்த நொதியின் பணிகளில் ஒன்று. ஆகவே இந்தக் காய்களுக்கும் இந்தச் சுரப்பிக்கும் இடையே ஒரு தொடர்பை எதிர்பார்ப்பதில் உயிரியல் நியாயம் இருக்கிறது.

எதிர்பார்ப்பு வேறு, மெய்ப்பிப்பு வேறு. நோய்க்கு உடனே சிகிச்சை எடுக்காமல் தொடர் கண்காணிப்பில் இருந்த 49 ஆண்களுக்கு ஓராண்டுக்கு வாரம் ஒரு முறை புரோக்கோலி சூப் கொடுத்த ஆய்வு 2019-இல் வந்தது. குளுக்கோராஃபனின் மிகுந்த வகைகளைப் பருகியவர்களின் சுரப்பித் திசுவில், புற்றுநோயோடு தொடர்புடைய மரபணுச் செயல்பாடுகள் கட்டுக்குள் இருந்தன. அவர்களுக்கு நோய் வளர்வது தடைப்பட்டதா என்று காட்ட 49 பேர் போதாது.

ஆற்றங்கரை எழுதியது:

மிக்க நன்றி. இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. செலெக்ட் கணக்கை அண்ணனிடம் அப்படியே படித்துக் காட்டினேன்; 65, 76 என்ற எண்களைக் கேட்டதும் வைட்டமின் ஈ, செலினியம் இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டார். லைகோபீனை மட்டும் விடமாட்டேன் என்கிறார். தக்காளி விஷயத்தில் உலகமே ஒத்துக்கொண்டுவிட்டது என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

எண்களின்தோழன் எழுதியது:

உலகம் ஒத்துக்கொள்ளவில்லை, ஒருகால் ஒத்துக்கொள்ளும் நிலைக்கு அருகில் வந்துவிட்டுப் பின்வாங்கியது.

1995-இல் எட்வர்ட் ஜியோவனூச்சி குழு, ஹார்வர்டில் நடந்துவந்த நெடுங்கால ஆய்வில் இருந்த 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தது. வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் தக்காளி சார்ந்த உணவுகளை உண்டவர்களுக்கு நோய் வாய்ப்பு 35 விழுக்காடு குறைவு என்று வந்தது. 2002-இல் அதே மக்களிடம் மேலும் நீண்ட காலத் தரவைக் கொண்டு பார்த்தபோதும், தக்காளிச் சாஸை வாரம் இருமுறைக்கு மேல் உண்டவர்களுக்கு 23 விழுக்காடு குறைவாக இருந்தது. 2007-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம், லைகோபீன் உள்ள உணவுகள் "அநேகமாக" பாதுகாப்பளிக்கின்றன என்று அறிவித்தது. மக்கள் மனத்தில் பதிந்தது இந்தக் கட்டம்தான். அதே நிதியம் புதிதாக வந்த ஆய்வுகளையும் சேர்த்து 2014-இல் மறுபரிசீலனை செய்தபோது, எந்த முடிவுக்கும் வர இயலாத அளவுக்குச் சான்று குறைவு என்று அதைக் கீழிறக்கிவிட்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-இலேயே, தக்காளி உணவுக்கு மிக மிகக் குறைந்த சான்றே உண்டு, தனி லைகோபீன் மாத்திரைக்கு நம்பத்தக்க சான்றே இல்லை என்று கூறியிருந்தது.

என் சொந்த மதிப்பீடு இது: தக்காளிக்குச் சிறு பலன் இருக்கக்கூடும், அது தீவிர வகை நோயில்தான் தென்படும். லைகோபீன் மாத்திரைக்காக ஒரு காசு செலவிடுவதற்குக்கூட நியாயம் தெரியவில்லை.

விதைநெல் எழுதியது:

தக்காளியிலும் சமைக்கும் முறை முக்கியமானது. பச்சைத் தக்காளிப் பழத்தில் லைகோபீன் செல் சுவருக்குள் இறுகிப் பிணைந்திருக்கிறது. சூட்டில் நெடுநேரம் வேகும்போது அந்தப் பிணைப்பு தளர்கிறது; நேராக நீண்டிருந்த மூலக்கூறுகளில் ஒரு பகுதி வளைந்த வடிவத்துக்கு மாறுகிறது, வளைந்த வடிவத்தைக் குடல் எளிதில் ஏற்கிறது. அது கொழுப்பில் மட்டுமே கரைவது என்பதால் சிறிது எண்ணெயும் உடன் வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகளில் பச்சைத் தக்காளியைவிடச் சாஸ் முன்னே நின்றதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

2001-இல் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 32 நோயாளிகள் மூன்று வாரம் நாள்தோறும் தக்காளிச் சாஸ் சேர்த்த பாஸ்தாவை உண்டார்கள், அவர்களுடைய பி.எஸ்.ஏ. 17.5 விழுக்காடு குறைந்தது, இரத்த வெள்ளணுக்களில் மரபணுச் சிதைவும் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் குலுக்கல் முறையில் பிரித்த இன்னொரு குழு இல்லை என்பதால் இதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. தக்காளியில் லைகோபீன் தனியாக இல்லை. ஃபைட்டோயீன், ஃபைட்டோஃபுளூயீன், வைட்டமின் சி, பொட்டாசியம் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. பலன் தந்தது எது என்று தெரியாத நிலையில், நிறத்தால் கண்ணில் பட்ட ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாக்கியிருக்கிறோம்.

பொறுமைசாலி எழுதியது:

நான் நோயாளி, அறுவையோ கதிர்வீச்சோ இன்றித் தொடர் கண்காணிப்பில் இருக்கிறேன். குறிப்பிட்ட இடைவெளியில் பி.எஸ்.ஏ. பரிசோதனையும் அவ்வப்போது பயாப்சியும் (சுரப்பித் திசுவில் சிறிது எடுத்துச் சோதிப்பது) செய்துகொள்கிறேன். அந்த இடைவெளிகளில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். ஆகவே அண்ணன் மாத்திரைப் புட்டிகளைத் தேடிச் சென்றது எனக்கு நன்றாகவே புரிகிறது. அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

என்னைப் போன்றவர்களிடமே நடந்த ஆய்வு ஒன்று 2020-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது. தொடக்க நிலை நோயோடு கண்காணிப்பில் இருந்த 478 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினருக்குத் தொலைபேசி வழியே ஆலோசகர்கள் பேசிப் பேசி நாளொன்றுக்கு ஏழு பங்கோ அதற்கு மேலோ காய்கறி உண்ணுமாறு ஊக்கப்படுத்தினார்கள். தக்காளிக்கும் முட்டைக்கோஸ் வகைக்கும் தனி இடம் தரப்பட்டது. அவர்கள் உண்மையிலேயே கூடுதலாக உண்டார்கள் என்பது இரத்தத்தில் இருந்த கரோட்டினாய்டு என்ற காய்கறி நிறமிகளின் அளவிலும் தெரிந்தது. இரண்டாண்டு முடிவில் நோய் முன்னேறியதில் இரு பாதியினருக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

இதைப் படித்த அன்று எனக்கு மனம் சோர்ந்தது உண்மை. ஆயினும் காய்கறிகளை நான் குறைக்கவில்லை. கட்டி ஏற்கெனவே உருவாகிவிட்ட ஒருவருக்கு, ஐம்பது வயதுக்கு மேல், இரண்டே ஆண்டில் உணவு என்ன செய்யும் என்பதுதான் அந்த ஆய்வின் கேள்வி. முப்பது வயதிலிருந்து அப்படி உண்டவருக்கு அந்தக் கட்டி உருவாகியிருக்குமா என்பதற்கு அதில் விடை இல்லை. அதோடு, என் நிலையில் இருப்பவர்களுக்குப் புரோஸ்டேட்டைவிட இதயமே பெரிய ஆபத்து என்று என் மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். காய்கறித் தட்டு அந்த ஆபத்தையாவது குறைக்கும்.

தெற்குக்காற்று எழுதியது:

பொறுமைசாலி அவர்களே, நீங்கள் எழுதியதை இருமுறை படித்தேன். நலமாக இருக்க வேண்டுகிறேன்.

எண்களின்தோழன் கேட்ட அளவுகோலையே ஏற்றுக்கொண்டு ஒன்றை முன்வைக்கிறேன். ஹார்வர்டின் அதே ஆண்களை, 47,000-க்கும் மேற்பட்டவர்களை, இருபத்தெட்டு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த கணக்கு 2022-இல் வந்தது. தாவர உணவுக்குக் கூடுதல் இடம் கொடுத்தவர்களில், 65 வயதுக்குக் குறைந்தவர்களிடம் முற்றிய நோயும் இந்நோயால் நேரும் இறப்பும் குறைவாக இருந்தன. இது இறப்பையே எண்ணிய ஆய்வு. மாதுளைச் சாற்றைக் குறித்தும் பச்சைத் தேயிலையைக் குறித்தும் யாரும் இன்னும் பேசவில்லை. 2006-இல் வந்த இரண்டு ஆய்வுகளும் வியக்கத்தக்கவை அல்லவா?

எண்களின்தோழன் எழுதியது:

2022 ஆய்வை ஏற்கிறேன். இந்த இழையில் நீங்கள் காட்டிய சான்றுகளிலேயே வலுவானது அதுதான். ஒரு சிறு எச்சரிக்கை மட்டும்: சர்க்கரை, வெள்ளை மாவு, பொரித்த உருளைக்கிழங்கு ஆகியவையும் தாவர உணவுகள்தாம். "தாவர உணவு" என்ற பெயரே பாதுகாப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாதுளை, தேயிலை இரண்டின் கதையும் ஒரே வழியில் போனது. பி.எஸ்.ஏ. இரட்டிப்பாக எடுக்கும் காலம், மாதுளைச் சாறு பருகியபின் 15 மாதத்திலிருந்து 54 மாதமாக நீண்டது என்றது 2006-இன் முதல் ஆய்வு; அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. வெற்றுப் பானத்தோடு ஒப்பிட்டு மீண்டும் செய்தபோது வேறுபாடு காணாமல் போனது. தேயிலையில், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்த 60 பேரில், தேயிலைச் சத்து எடுத்த 30 பேரில் ஒருவருக்கும் எடுக்காத 30 பேரில் ஒன்பது பேருக்கும் ஓராண்டில் நோய் வந்தது. 2015-இல் 97 பேரிடம் செய்த அதே வகை ஆய்வில் வேறுபாடு புள்ளியியல்படி நிலைநிற்கவில்லை. சிறிய ஆய்வில் பளிச்சென்று தெரிந்தது பெரிய ஆய்வில் மங்குவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப நடக்கிறது. சோயாவும் அப்படியே: அறுவை முடிந்த 177 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 20 கிராம் சோயாப் புரதம் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் நோய் திரும்பிய விகிதம் ஏறக்குறைய சமமாக இருந்தது.

பி.எஸ்.ஏ. குறைந்தால் நோய் குறைந்தது என்று பொருள் கொள்வதில் உள்ள ஆபத்துக்கு ஒரு நிகழ்வைச் சொல்லியே ஆக வேண்டும். எட்டு மூலிகைகளின் கலவை என்று பி.சி. ஸ்பெஸ் என்ற பெயரில் 1990-களின் பிற்பகுதியில் ஒரு மாத்திரை அமெரிக்காவில் விற்கப்பட்டது. உண்மையாகவே நோயாளிகளின் பி.எஸ்.ஏ. சரசரவென்று இறங்கியது, ஆய்வு மருத்துவர்களும் நம்பிக்கையோடு சோதித்தார்கள். 2002-இல் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் அழற்சியைக் குறைக்கும் மருந்தான இண்டோமெத்தசினும் செயற்கை ஈஸ்ட்ரோஜனும் அதில் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. அந்த ஈஸ்ட்ரோஜன் இந்நோய்க்கு 1940-களிலிருந்தே கொடுக்கப்பட்ட மருந்து, இரத்தக்கட்டி அபாயம் உடையது. செடியை நம்பி விழுங்கியவர்கள் அறியாமலே மருந்தை விழுங்கினார்கள். ஆற்றங்கரை அவர்களே, அண்ணனிடம் அந்தப் புட்டிகள் அனைத்தையும் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டச் சொல்லுங்கள். பெயரை மட்டும் சொன்னால் போதாது.

ஆற்றங்கரை எழுதியது:

கட்டாயம் சொல்கிறேன். அண்ணனுக்கு உடல் எடை சற்றுக் கூடுதல். அதைப் பற்றி யாரும் குறிப்பிடவில்லையே? மேலும், பச்சைத் தேயிலை மாத்திரையை நிறுத்தச் சொன்னால், தேநீராகவும் குடிக்கக் கூடாதா என்று கேட்கிறார்.

எண்களின்தோழன் எழுதியது:

எடையைத்தான் முதலில் பேசியிருக்க வேண்டும். தக்காளியைக் கீழிறக்கிய அதே 2014 அறிக்கை, உடல் கொழுப்பு மிகுதி முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கான வாய்ப்பை "அநேகமாக" கூட்டுகிறது என்று சொன்னது. எந்தத் தனிக் காய்க்கும் பழத்துக்கும் அந்த அளவு உறுதி தரப்படவில்லை. பருமனானவர்களின் இரத்த அளவு கூடுதல் என்பதால் அதில் பி.எஸ்.ஏ. நீர்த்துக் குறைவாகத் தெரியக்கூடும். மருத்துவர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார். நார்ச்சத்து மிகுந்த காய்கறி, பருப்பு வகை, முழுத்தானியம் ஆகியவை எடையைக் குறைக்க உதவுகின்றன என்றால், தாவர உணவின் பெரும் பங்களிப்பு அந்த வழியிலேயே வரக்கூடும் என்பது என் எண்ணம். தந்தைக்கு இந்நோய் இருந்தவர்கள் 40 முதல் 45 வயதுக்குள்ளேயே பி.எஸ்.ஏ. பரிசோதனை குறித்து மருத்துவரோடு கலந்து முடிவெடுக்க வேண்டும் என்று பல வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. உங்களுக்கும் அது பொருந்தும். அண்ணனோடு நீங்களும் செல்லுங்கள்.

விதைநெல் எழுதியது:

தேநீரைப் பற்றி: இலையைக் கொதிநீரில் ஊறவைத்துப் பருகும் தேநீருக்குத் தடையில்லை. மாத்திரையில் அதே பொருள் பல கோப்பை அளவுக்குச் செறிந்து, ஒரே நேரத்தில் கல்லீரலைச் சென்றடைகிறது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ பச்சைத் தேயிலையில் உள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருளை மாத்திரையாக எடுப்பவர்களிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. அண்ணன் இதுவரை எவ்வளவு எடுத்தார் என்பதைப் புட்டியின் மேலுறையில் பாருங்கள். அளவு அதற்கு அருகில் இருந்தால், அல்லது சிறுநீர் கறுத்தோ கண் மஞ்சளாகவோ தெரிந்தால், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்த்துக் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.